கஞ்சாவும் நம் பிள்ளைகளின் ஞாபகசக்தியும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு, அமரவிளை சோதனைச் சாவடியில் கஞ்சா பிடிபட்டது என்ற செய்தி புதிதல்ல. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் அது பிள்ளைகளின் மூளையில் என்ன செய்கிறது என்பதை நம்மில் பலர் அறியோம். இங்கே டியூஷன் சொல்லிக்கொடுக்கும் என்னிடம், "சார், படிச்சது எதுவும் பையன் மனசுல நிக்கலையே, அந்தப் பழக்கமா இருக்குமோ?" என்று தாய்மார்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள்.

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்னும் பொருள். புதிய நினைவுகளைப் பதித்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் வேலையை அது குலைக்கிறது. ஆகவே பழைய சங்கதிகள் பெரும்பாலும் நினைவில் இருக்கும். இன்று படித்த பாடம்தான் பதியாது. யோசித்து முடிவெடுக்க உதவும் முன்மூளையோ ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. கல்லூரிப் பருவத்தில் இப்பழக்கம் ஆபத்தாவது இதனால்தான்.

அமெரிக்காவில் 22 முதல் 36 வயதுவரை உள்ள 1,003 பேரிடம் நடத்திய ஆய்வு 2025-இல் வெளிவந்தது. வாழ்நாளில் ஆயிரம் தடவைக்கு மேல் கஞ்சா உபயோகித்தவர்களில் 63 சதவீதத்தினருக்கு, நினைவில் இருத்திச் செய்யும் வேலையின்போது மூளையின் இயக்கம் குறைந்திருந்தது.

ஆறுதலான செய்தியும் உண்டு. 16 முதல் 25 வயதுவரை உள்ள 88 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரு மாதம் நிறுத்தியவர்களுக்கு ஞாபகசக்தி கூடியது. அந்த முன்னேற்றம் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரிந்தது.

மதிப்பெண் குறைந்த உடனே பிள்ளையைச் சந்தேகிக்க வேண்டாம். தூக்கக் குறைவும் மனக்கவலையும்கூட மறதியைத் தரும். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

பழக்கம் உண்மை என்றால், ஊர் என்ன சொல்லுமோ என்று மறைக்காதீர்கள். நெய்யாற்றின்கரை அரசு பொது மருத்துவமனையில் கேரள அரசின் 'விமுக்தி' போதை மீட்பு மையம் இருக்கிறது. விமுக்தி திட்டத்தின் உதவி எண் 14405. மலையாளம் பேசத் தயங்குவோர் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். போலீஸ் வருமோ என்ற பயமும் வேண்டாம். உபயோகித்ததாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு வந்தாலும், போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடக் கூடாது என்பதே நிபந்தனை.

பிழைப்பைத் தேடி எல்லை தாண்டி வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளுக்கு நாம் தரக்கூடிய சொத்து படிப்பு ஒன்றுதான். அது அவர்கள் மனதில் தங்க வேண்டுமானால், வெட்கத்தை விட்டு நாம் இன்றே பேசியாக வேண்டும்.