மறைப்பும் பூட்டும்

திருவொற்றியூரில் நெடுங்காலம் தலைமையாசிரியனாகப் பணியாற்றியவன் நான். பள்ளியின் பொதுக் கணினியாகிய சர்வரில் உள்ள கோப்புறைகளை உரிமையில்லாதார் கண்ணுக்குப் புலப்படாமல் வைப்பது எவ்வாறு என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

2011-ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆதலின் இருவகைக் கணினிகள் ஒரே பள்ளியில் புழங்குவது நமக்குப் புதிதன்று. இரண்டிற்கும் பாலமாக நிற்பது சாம்பா என்னும் மென்பொருள். ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அதனை 1992-இல் வெளியிட்டார். லினக்ஸ் சர்வரில் உள்ள கோப்புகளை விண்டோஸ் கணினியிலிருந்தும் திறக்க அது வழிசெய்கிறது.

கோப்பைத் திறக்க இயலாதபடி பூட்டிவிட்டால் போதாதோ என நீங்கள் வினவலாம். போதாது. பெயரே செய்தி சொல்லிவிடும். ‘கட்டணப் பாக்கி’ என்ற கோப்புறைக்குள் வகுப்புவாரியாக மாணவர் பெயர்கள் வரிசையாகத் தெரிகின்றன என்று கொள்வோம். காசிமேட்டில் கடலுக்குச் செல்லும் ஒருவரின் மகன் தன் பெயரை அங்கே தோழர்களோடு காண நேர்ந்தால், அவன் உள்ளம் என்ன பாடுபடும்!

மறைத்தால் மட்டும் போதுமோ எனில், அதுவும் போதாது. விண்டோஸில் பகிர்வுப் பெயரின் இறுதியில் டாலர் குறி இடுவர். சாம்பாவில் ‘பிரவுசபிள்’ என்பதற்கு ‘நோ’ என எழுதுவர். இவை துறைமுகக் கிடங்கின் பெயர்ப்பலகையைக் கழற்றுவது போன்றவை. கதவு பூட்டப்படவில்லையெனில், பெயரறிந்தவன் நேரே உள்ளே நுழைவான். உரிமையுடையவருக்கோ வழி தெரியாது.

முறையான வழி இதுதான். முதலில், ஒவ்வொரு கோப்புறைக்கும் உரிமையாளர், குழுவினர், பிறர் என்னும் மூவருள் யார் படிக்கலாம் என்று லினக்ஸில் வரையறுத்துப் பிறருக்குள்ள அனுமதியை நீக்குக. அடுத்து, சாம்பாவின் அமைப்புக் கோப்பில் அப்பகிர்வின்கீழ் ‘ஹைட் அன்ரீடபிள்’ என்பதற்கு ‘எஸ்’ என எழுதுக. அதன்பின் எவருக்குப் படிக்கும் உரிமை இல்லையோ, அவருடைய பட்டியலில் அப்பெயரே தோன்றாது. உரிமையுடையார்க்கு வழக்கம்போல் தோன்றும். விண்டோஸ் சர்வரிலும் இத்தகைய வசதி 2005 முதல் உண்டு. கோப்புகள் மிகுதியாயின், ஒவ்வொன்றின் உரிமையையும் சோதிக்க வேண்டியிருப்பதால் பட்டியல் வரச் சற்றுத் தாமதமாகும்.

இறுதியாக, மாணவர் ஒருவரது கணக்கின் வழியே நீங்களே நுழைந்து பாருங்கள். தலைமையாசிரியரின் திரையில் எல்லாம் சரியாகவே தோன்றும். மாணவனின் திரையில் என்ன தோன்றுகிறது என்பதே தேர்வு.