கற்றுக்கொடுப்பவர் கிளம்பிய பிறகு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் நாலைந்து வருடம் தேறிய உதவி சூப்பர்வைசர், ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ எல்லை தாண்டித் தடா பக்கத்திலோ நல்ல வேலை கிடைத்தால் கிளம்பிவிடுகிறார். பெரிய கம்பெனி என்றால் கம்பெனி பஸ், கேன்டீன், பெண் பார்க்கும் இடத்தில் கொஞ்சம் மரியாதை. போகிறவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. சிறிய ஆலையில் அவருக்கு மேலே இருப்பது ஒரே ஒரு நாற்காலி; அது காலியாகும்வரை காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அவர் போவதால் இங்கே போகக்கூடியது உயிர்.

இண்டக்‌ஷன் உலையில் உருகிக் கிடக்கும் இரும்பின் வெப்பநிலை சுமார் 1,600 டிகிரி செல்சியஸ். ஈர ஸ்கிராப் அதற்குள் அமிழ்ந்தால், தண்ணீர் நொடியில் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, இரும்புக் குழம்பை வெளியே வாரியடிக்கும். மூடிய சிலிண்டர், பழைய ஷாக் அப்சார்பர், இரு முனையும் நசுங்கிய குழாய் எல்லாமே வெடிக்கக் கூடியவை. மழை பெய்த மறுநாள் எந்தக் குவியலைத் தொடக் கூடாது, உலையின் லைனிங் தேய்ந்ததற்கு அறிகுறி என்ன என்பதையெல்லாம் ஷிஃப்டில் கூடவே நின்று சொல்லித்தருபவர் இந்த உதவி சூப்பர்வைசர்தான். கற்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். சைகையும் அரைகுறை இந்தியுமாக அவர் நடத்திய பாடம் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. அவர் கணக்கு முடிக்கும் நாளில் அதுவும் கேட்டைத் தாண்டிவிடுகிறது.

'செலவு செய்து ஆளைத் தேற்றி அடுத்தவனுக்குக் கொடுக்கவா?' என்பது முதலாளிகளின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு பாண்டு எழுதி வாங்குவதும் அசல் சான்றிதழைப் பிடித்துவைப்பதும் பதிலாகாது. ஆளை அப்படி நிறுத்தலாம்; மனம் வைத்துச் சொல்லிக்கொடுக்க வைக்க முடியாது. இயந்திரம் வந்தால் சரியாகிவிடும் என்போரும் உண்டு. காந்தக் கிரேன் இரும்பைத் தூக்கும். அதற்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காது.

போபால் துயரத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோதே, பாதுகாப்புப் பயிற்சி தொழிலாளியின் உரிமையானது. தொழிற்பழகுநர் விதிகளும் 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்கின்றன. கற்பவருக்கு உதவித்தொகையும் உண்டு. ஆனால் ஷிஃப்டில் கற்றுக்கொடுப்பவரின் சம்பளச் சீட்டில் அந்த வேலைக்கென்று ஒரு வரி இருக்கிறதா? உற்பத்தி டன்னுக்கு இன்சென்டிவ் கொடுக்கும் ஆலை, தேற்றிவிட்ட ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தொகை கொடுக்கட்டும். கிளம்புகிறவர், அடுத்து வருபவரோடு ஒரு மாதம் சேர்ந்து நிற்கட்டும். அந்த மாதத்துக்குக் கூடுதல் சம்பளம் பெறட்டும். ஸ்கிராப் பிரிக்கும் பாடம் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் படங்களோடு யார்டிலேயே தொங்கட்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, உலை ஒருமுறை வெடித்தால் ஆகும் நஷ்டத்துக்குப் பக்கத்தில்கூட வராது. வேலை மாறுவது அவர் உரிமை. அவர் போனபின்பும் உலையடியில் நிற்பவன் பத்திரமாக வீடு திரும்புவது ஆலையின் பொறுப்பு.