ராக் இசைக்கு மவுசு குறையுதா? நெல்லை வில்லுப்பாட்டு சொல்லும் பதில்

"ராக் எல்லாம் பழைய கதைப்பா" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. உண்மையிலேயே ராக் மங்குதா? எந்த பேண்ட் இன்னும் முக்கியம்? திருநெல்வேலியில் இருந்து பார்த்தால் பதில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

கணக்கு என்ன சொல்லுது?

அமெரிக்காவில் 2017-ல் ஹிப்-ஹாப்பும் ஆர் அண்ட் பி-யும் சேர்ந்து ராக்கை முதலிடத்தில் இருந்து இறக்கின. அடுத்த ஆண்டே புகழ்பெற்ற கிடார் நிறுவனமான கிப்சன் திவால் மனு போட்டது. ஆனால், 2025 ஜனவரியில் அகமதாபாத்தில் 'கோல்ட்ப்ளே' பாடியபோது ஒரே நாளில் லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். போனில் கேட்பது குறைஞ்சாலும், மேடைக்கு முன்னால் கூட்டம் குறையல.

தமிழில் யார் முக்கியம்?

2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் குழு. கிடார், டிரம்ஸோடு பறையும் கானாவும் கலந்து, சாதியை நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள். வாசிப்பு மட்டுமல்ல, சொல்ல வந்த விஷயமும்தான் இவர்களைக் கவனிக்க வைத்தது.

இதுக்கும் நெல்லைக்கும் என்ன சம்பந்தம்?

சாதியைப் பாட்டில் பேசும் வேலையைத் தாமிரபரணிக் கரையில் வில்லுப்பாட்டுக் குழுக்கள் எப்பவோ தொடங்கிட்டாங்க. அதுவும் ஒரு பேண்ட்தான். நடுவில் வீசுகோலோடு கதை சொல்லும் அண்ணாவி, சுற்றிலும் குடம், உடுக்கை, கட்டை, ஜால்ரா, கூடவே பின்பாட்டு. கோயில் கொடையில் விடிய விடியப் பாடுவார்கள்.

பாபநாசம் மலைப்பகுதியின் முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கோங்க. பிராமணரான பட்டன், செருப்பு தைக்கும் குடும்பத்தின் பொம்மக்கா, திம்மக்காவைக் காதலிக்கிறான். பூணூலை அறுத்துவிட்டு, செருப்பு தைத்துக் காட்டி மணம் முடிக்கிறான். மாடு திருட வந்தவர்களோடு மோதி உயிரை விடுகிறான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை.

'அந்தப் பெண்களும் பிறப்பால் பிராமணர்களே' என்று ஒரு கிளைக்கதை உண்டு. அது பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பதை நாங்குநேரிக்காரரான ஆய்வாளர் நா.வானமாமலை சுட்டிக்காட்டினார். பாட்டு சிலரை உறுத்தியிருக்கு, அதனாலதான் திருத்தம்!

அப்போ பிரச்சினை என்ன?

இப்போது பல கொடைகளில் மெல்லிசைக் கச்சேரியும் டிஜே-வும் வந்துவிட்டன. வில்லுக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. நேரம் சுருங்கினால் முதலில் வெட்டு விழுவது கதைக்குத்தான். சாமி பெயரும் நாலு பாட்டும் மிஞ்சும். பூணூலை அறுத்த இடம் போய்விடும்.

புதுசா மாற முடியாதா?

முடியும். நெல்லைச் சீமையின் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம், வில்லை சென்னை மேடைகளுக்கும் வானொலி, தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனவர். காந்தி கதையையும் வில்லில் பாடினார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்று, 2022-ல் மறைந்தார். வடிவத்துக்கு வயசாகல என்பதற்கு அவரே சாட்சி.

ராக்கோ, வில்லோ, நம்ம கதையை நம்ம முன்னாடியே தைரியமாகச் சொல்லும் குழுதான் முக்கியமான குழு. அடுத்த கொடைக்கு ஊருக்குப் போனால், டிஜே தொடங்கும் வரை காத்திருக்காமல் வில்லுக்கு முன்னால் போய் உட்காருங்க. முழுக் கதையையும் பாடச் சொல்லிக் கேளுங்க. கேட்க ஆள் இருந்தால் அண்ணாவி நிச்சயம் பாடுவார்.