நடுவதற்கு முன் நடப்போம்

மதவாச்சியிலிருந்து மன்னார் செல்லும் பெருந்தெருவில் தள்ளாடியைக் கடந்ததும் நிலம் தாழ்ந்து, இருபுறமும் நீர் பரந்து கிடக்கும். மார்கழி, தை மாதங்களில் இவ்வழியே பேருந்தில் செல்வோர், ஆழமற்ற அந்த நீரில் பூநாரைகள் கூட்டமாய் நிற்பதைக் கண்டிருப்பர். கண்டும் காணாமல் சென்றவர்களே எம்மில் அதிகம். சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி பயணம் செய்த காலத்தில் பறவை பார்க்க யாருக்கு மனம் இருந்தது?

கடந்த தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மீள்குடியேறிய சில கிராமங்களின் குடும்பங்களோடு இந்தக் கடலேரிக் கரையில் நாம் நடந்தே சென்றோம். முதியவர்கள், தாய்மார், பாடசாலைப் பிள்ளைகள் என எல்லோரும் வந்தனர். கட்டுச்சோறும் தண்ணீர்ப் போத்தலும் தவிரக் கையில் வேறொன்றும் இல்லை. வேடிக்கை பார்க்கப் போனோம் என்று சிலர் சொன்னார்கள். இருக்கட்டும். அந்த நடையில் நாம் கற்றதை உங்களோடு பகிரவே இக்கட்டுரை.

பலகையின் முன்னால் ஒரு கேள்வி

நாம் நின்ற இடம் வங்காலை சரணாலயம். 2008ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இது சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. மன்னார்ப் பெருநிலப்பரப்பின் பல குடும்பங்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒண்டியிருந்தன. 2010ஆம் ஆண்டு ஜூலையில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிலும் இது இடம்பெற்றது. பரப்பு 4,839 ஹெக்டேயர். முட்புதர்க் காடு, தரவை, மணற்றிட்டு, கண்டற்காடு, உவர்ச் சதுப்பு, கடற்புற்படுகை எல்லாம் இதில் அடங்கும். 20,000 இற்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகளைத் தாங்கும் நிலம் இது.

இவற்றை நாம் விளக்கி முடித்ததும் ஒரு தாய் கேட்டார்: "சுவாமி, குருவிக்குக் காணி எழுதிக் கொடுத்தவர்கள் எங்களுக்கும் ஒரு உறுதி எழுதித் தருவார்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பதற்கான கேள்வியும் அன்று. இயற்கையைப் பேணுவது என்றதும் எம் மக்கள் மனதில் எழுவது மரமோ பறவையோ அல்ல, எல்லைக் கல்தான். முசலிப் பிரதேசத்தை எண்ணிப் பாருங்கள். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் திரும்பியபோது, வீடும் வயலும் இருந்த இடத்தில் காடு நின்றது. 2017ஆம் ஆண்டு மார்ச்சில் மாவில்லு பேணற்காடு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, தங்கள் பூர்வீகக் காணிகளும் அதற்குள் அடங்கிவிட்டன என்று அம்மக்கள் மறிச்சுக்கட்டியில் போராட்டம் நடத்தினர். காடு வேண்டும் என்பதும் உண்மை. காணி எங்களது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேச ஆள் இல்லாமற் போனதே துயரம்.

ஆகவே முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். எல்லாப் பலகைகளும் ஒன்றல்ல. சரணாலயமும் தேசிய பூங்காவும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தைச் சார்ந்தவை. பேணற்காடு வனபரிபாலனத் திணைக்களத்தைச் சார்ந்தது. தேசிய பூங்காவினுள் அனுமதியின்றி நுழைய முடியாது. சரணாலய எல்லைக்குள்ளோ தனியார் காணியும் இருக்கலாம். மக்கள் வழக்கமாகச் செய்துவந்த தொழில்களுக்கும் அங்கு இடமுண்டு. உங்கள் காணி எதற்குள் வருகிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு அறியுங்கள். தெரியாமல் அஞ்சுவதைவிடத் தெரிந்து கேட்பது மேல்.

நாம் செய்த பிழை

இனி, எம்முடைய பிழையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், உதவி நிறுவனமொன்றின் பணத்தில், கரையோரச் சேற்றுத்தரை ஒன்றில் கண்டல் நாற்றுக்களை நட்டோம். முருங்கைக்காய் போல நீண்ட அந்த விதைகளைப் பிள்ளைகள் வரிசை வரிசையாகக் குத்தினர். படம் எடுத்தோம், அறிக்கை அனுப்பினோம். அடுத்த மாரிக்குள் அநேகமாக எல்லாம் பட்டுப்போயின. பட்டுப்போன பின் எவரும் படம் எடுக்க வரவில்லை.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் இலங்கைக் கரையெங்கும் கண்டல் நடும் திட்டங்கள் பெருகின. அவற்றை நேரில் சென்று பார்த்து 2017இல் வெளியான ஆய்வொன்று, 23 திட்ட இடங்களில் 9 இல் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை என்று கண்டது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை எடுக்கப்பட்ட முயற்சியில், தேறியது ஏறக்குறைய 200 ஹெக்டேயர் மட்டுமே. கண்டல் வளராத இடத்தில் நட்டதும், நட்டபின் திரும்பிப் பாராததும் முக்கிய காரணங்கள். இந்தப் பாடங்களைக் கற்றபின், விஞ்ஞான முறைப்படி நடந்த இலங்கையின் கண்டல் மீளமைப்புப் பணியை 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரிப் பணிகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

தண்ணீர் போகும் வழி

கண்டல் ஏன் பட்டுப்போகிறது? உப்புநீரில் வாழும் மரம்தானே என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் கடல் பெருகும்போது நீர் ஏறவும், வற்றும்போது இறங்கவும் வேண்டும். நீர் ஏறி இறங்காமல் தேங்கினால், வெயிலில் ஆவியாகி உப்பு கடுமையாகிவிடும். சேற்றிலிருந்து குச்சிகளைப் போல மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள் நீருள் அமிழ்ந்து மூச்சுத் திணறும். மரம் அப்படியே நின்று பட்டுவிடும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழகத்தின் பிச்சாவரத்தில் இதை மிகத் தெளிவாகக் கண்டார்கள். ஆங்கிலேயர் காலம் முதல் அக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றாக வெட்டிவந்தார்கள். வெட்டிய இடத்து மண் வெயிலில் காய்ந்து தாழ்ந்து, தொட்டிபோல ஆயிற்று. அதில் புகுந்த கடல்நீர் வெளியேறவில்லை. எதுவும் முளைக்கவும் இல்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழக வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து செய்தது என்ன? முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். மீனின் நடுமுள்ளைப் போல ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் கிளை வாய்க்கால்கள். கடல்நீர் வந்து போகத் தொடங்கியது, உப்பு குறைந்தது. அதன் பின்னரே வாய்க்கால் ஓரங்களில் அலையாத்தி எனப்படும் வெண்கண்டலை நட்டார்கள். முத்துப்பேட்டையிலும் இம்முறையைக் கைக்கொண்டார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு முதிய கமக்காரர் சொன்னார்: "இது எங்கட வயல் வேலைதானே, சுவாமி. வாய்க்கால் திருத்தாமல் எவன் விதைப்பான்?"

ஆம், உங்களுக்கு இது புதிதல்ல. கட்டுக்கரைக்குளம் தன் மழைநீரால் மட்டும் நிறைவதில்லை. அருவி ஆற்றைத் தேக்கத்தில் மறித்து, வாய்க்கால் வழியே கொண்டுவரும் நீரே அதன் உயிர். பழங்காலத்தில் கட்டப்பட்டு, பின் தூர்ந்து காடடர்ந்து கிடந்த அக்குளம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீளத் திருத்தப்பட்டது. முருங்கன், நானாட்டான் வயல்கள் இன்று பச்சைப்பசேலென்று நிற்பது அதனால்தான். 1954ஆம் ஆண்டு முதல் அக்குளமும் ஒரு சரணாலயமே. அங்கே கமமும் பறவையும் ஒரே நீரைப் பங்கிட்டு வாழ்வதைப் பிறந்த நாள் முதல் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். நிலத்தை மீட்பது எப்படி என்று உங்களுக்குப் பாடம் சொல்ல நாம் யார்?

நடந்தபோது கண்டது

அன்று எமது நடை, முன்பு கண்டல் நட்டுத் தோற்ற அந்த இடத்தில் முடிந்தது. அதே முதியவர் தெருவோரம் குனிந்து பார்த்தார். பாதையை உயர்த்தியபோது போக்கு மதகு ஒன்று மண்மூடிப் போயிருந்தது. ஒருபுறம் நீர் அசைந்தது, மறுபுறம் பாசி பிடித்து நின்றது. எத்தனையோ முறை வாகனத்தில் அவ்வழியே சென்றிருக்கிறோம். அந்த மதகு எம் கண்ணில் படவேயில்லை.

நட்டவர்கள் நாம். ஆனால் நடந்து பார்க்காமல் நட்டோம். ஊரவரைக் கேட்காமல் நட்டோம். அம்முதியவரை அன்றே அழைத்துச் சென்றிருந்தால் ஒரு நாற்றும் வீணாகியிராது. இப்போது அம்மதகைத் திறந்து தருமாறு ஊர்ச் சங்கங்கள் உரியவர்களுக்குக் கடிதம் எழுதியுள்ளன. அது திறக்கும்வரை அங்கே ஒரு கன்றும் நடுவதில்லை என்பது எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு.

பிள்ளைகளுக்கு அந்நாள் வேறொரு பாடம். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976ஆம் ஆண்டு முதல் இயங்கும் பறவையியல் குழுவினர், மன்னாரில் பிடித்துக் கருவி பொருத்தி விட்ட கடற்காகங்கள், 2021ஆம் ஆண்டு இரஷ்யாவின் வடகோடிவரை பறந்து சென்றதை நாம் சொன்னோம். "அவ்வளவு தூரம் போனது ஏன் திரும்பி இங்கே வருகிறது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "சாப்பாடு இங்கே இருக்கிறது" என்றான் பக்கத்தில் நின்ற பையன். சேற்றில் புழுவும் இறாலும் உள்ளவரைதான் பறவை வரும். அதே சேற்றில்தான் மீன்குஞ்சும் வளர்கிறது, மீனவக் குடும்பமும் வாழ்கிறது.

உங்கள் ஊரில் தொடங்குங்கள்

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. மாதம் ஒருமுறை, மாதர் சங்கமும் விவசாய அமைப்பும் பாடசாலையும் சேர்ந்து ஊரின் எல்லையை நடந்து வாருங்கள். புதிய பாதை வெட்ட வேண்டாம். வண்டிப் பாதையும் குளக்கட்டும் போதும். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட இடங்களில் மட்டும் நடவுங்கள். சரணாலயப் பகுதியானால் அலுவலருக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். கடல் பெருகும் வேளையில் ஒருமுறையும் வற்றும் வேளையில் ஒருமுறையும் பாருங்கள். எந்த மதகு அடைபட்டுள்ளது, எங்கே உவர் ஏறுகிறது, சீமைக்கருவேல் எதுவரை பரவியுள்ளது என்பவற்றைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும். பழைய வாய்க்கால், பழைய வாடி, பழைய வீட்டு அத்திவாரம், கிணறு, இவற்றின் பெயர்களையும் முதியவர்களிடம் கேட்டு எழுதட்டும்.

அந்தக் கொப்பி காணி உறுதி ஆகாது. அப்படிச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். ஆனால் நாளை ஓர் அதிகாரி வரைபடத்தோடு வந்து நிற்கும்போது, உங்கள் கையிலும் ஒரு வரைபடம் இருக்கும். இந்த நிலத்தை அறிந்தவர்கள், இதைப் பேணுபவர்கள் நாங்களே என்று சொல்ல அதுவே சாட்சி.

அந்தத் தாயின் கேள்விக்கு எம்மிடம் இன்னும் முழுமையான பதில் இல்லை. அடுத்த மாத நடைக்கு அவர் முதல் ஆளாய் வந்து நின்றார். கையில் ஒரு மண்வெட்டியும் இருந்தது. "இன்றைக்கு நடுவதில்லையே, அம்மா" என்றோம். "தெரியும் சுவாமி. வழியிலே வாய்க்கால் ஏதும் அடைபட்டிருந்தால்?" என்றார்.