குளிர் ஊரில் பந்து போகும் தூரம்



கொள்ளுப்பிட்டியில் வசிக்கும் ஒரு தாய், தம் மகனுக்குப் புத்தி சொல்லும்படி என்னிடம் அழைத்து வந்தார். "பெரியவங்கள எதிர்த்துப் பேசுறான் மௌலவி" என்பது அவரது முறைப்பாடு.

விசாரித்தேன். பையனின் சாச்சா கோல்ப் விளையாடுபவர். குளிரில் பந்து தூரம் போகாது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியா போனபோதோ, அவர் அடித்த பந்து கொழும்பில் போவதைவிடத் தூரமாய்ப் போயிருக்கிறது. "அப்ப நீங்க சொன்னது பிழைதானே?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டான். உம்மாவின் கை முதுகில் விழுந்தது.

கோல்ப் உங்களுக்கு அந்நியமான விளையாட்டல்ல. மாலையில் நீங்கள் பிள்ளைகளோடு காற்று வாங்கும் காலிமுகத்திடலில்தான், 1879இல் தொடங்கிய கொழும்புக் கழகத்தார் முதலில் விளையாடினர். 1896இல் பொரளைக்கு மாறினர். நுவரெலியாக் கழகம் 1889இல் தோன்றியது.

சாச்சா சொன்னது உண்மையே. குளிர்ந்த வளி அடர்த்தியானது. வெப்பநிலை 10 பாகை குறைந்தால் வளியின் அடர்த்தி நூற்றுக்கு மூன்றரைப் பங்களவு கூடும். பந்துக்குத் தடையும் கூடும். பந்தின் உள்ளே இருக்கும் றப்பரும் குளிரில் இறுகித் துள்ளல் குறையும். கை விறைத்து, தடித்த ஆடையும் அணிந்தால் வீச்சின் வேகமும் தளரும். ஸ்கொட்லாந்தின் கடற்கரைத் திடல்களில் மாரி காலத்தில் பந்து குறுகிப் போவது இதனாலேதான். விளையாட்டின் நடுவே பந்தைச் சூடாக்கித் தூரம் தேடுவதை விதிகள் தடுத்திருக்கின்றன.

அப்படியானால் நுவரெலியாவில் நடந்தது என்ன? அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரே போகப் போக வளி ஐதாகும். கொழும்பில் ஒரு கன மீற்றர் வளி சுமார் 1.16 கிலோகிராம், நுவரெலியாவில் ஏறத்தாழ 1 கிலோகிராம்தான். குளிர் கூட்டும் தடையைவிட உயரம் குறைக்கும் தடை பெரிது. ஆகவே பையன் கண்டதும் உண்மையே.

இதை நீங்கள் அடுப்படியிலேயே அறியலாம். நுவரெலியாவில் பருப்பு அவியச் சுணங்குவது ஏன்? வளி அமுக்கம் குறைவதால் அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பந்தைத் தூரமாய் விட்ட அதே ஐதான வளிதான் உங்கள் பருப்பையும் தாமதப்படுத்துகிறது!

குளிரின் வேலையைத் தனியே பார்க்க விரும்பினால், ஒரே மாதிரியான இரண்டு றப்பர் பந்துகளை எடுங்கள். ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டில் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து விடுங்கள். குளிர்ந்த பந்து தாழவே எழும்பும்.

இவ்வளவையும் விளக்கியதும் அந்தத் தாய் மகனின் தலையைத் தடவினார். அவனும் சாச்சாவிடம் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னான். கேட்ட விதம் திருத்தப்பட வேண்டியதுதான்; ஆனால் கேள்வி குற்றமல்ல. சகோதரிகளே, பிள்ளையின் குரலைத் தாழ்த்தச் சொல்லுங்கள். அவனது கேள்வியை மட்டும் அடக்கிவிடாதீர்கள்.