கிளப் யாருடையது?

2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் தேசிய ராலிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. போட்டிக்காக மூடியிருந்த சாலைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் நுழைந்துவிட்டது. வேகமாக வந்த ராலி கார் மோதி, அந்த மோட்டார் சைக்கிளில் இருந்த கணவன், மனைவி, மகன் மூவரும் இறந்துபோனார்கள். போலீஸ் வழக்கு ஓட்டுநர் மேல் மட்டும் பதிவாகவில்லை. போட்டியை நடத்தியவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள்.

மோட்டார் பந்தய கிளப்பில் தலைவர், செயலாளர் என்பது மேடையில் கோப்பை கொடுக்கிற பதவி மட்டுமில்லை என்பதற்கு இது போதும். அலட்சியத்தால் மரணம் என்று நிரூபணமானால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு தனியாக வரும்.

இவ்வளவு பொறுப்புள்ள நாற்காலியில் பல கிளப்புகளில் ஒரே நாலு பேர் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் சொந்த வேலைக்கு லீவு போட்டு, கைக்காசு செலவழித்து, வெயிலில் நிற்கிறவர்கள் அவர்கள்தான். அதனாலேயே அவர்களிடம் கணக்குக் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. கோயில் திருவிழாக் கமிட்டி மாதிரிதான்: உழைக்கிறவரைக் கேள்வி கேட்டால் கேட்டவன் நன்றிகெட்டவன். நாளாக ஆக, ஸ்பான்சர் பணம் யார் கணக்கில் வருகிறது, மார்ஷல்களுக்குப் பயிற்சி நடந்ததா, முடிவு சொல்லும் ஸ்டீவர்டின் தம்பியே போட்டியில் ஓடுகிறாரா என்பதெல்லாம் கேட்கக்கூடாத கேள்விகளாகிவிடுகின்றன. கேட்ட இளைஞர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். பிறகு, 'பொறுப்பெடுக்க ஆளே இல்லை' என்று அதே நாலு பேர் புலம்புகிறார்கள்.

உங்கள் கிளப் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவானதா என்று முதலில் பாருங்கள். பதிவானது என்றால் உங்கள் கையில் பிடி இருக்கிறது. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக்கூடாது. மறுபடி போட்டியிடலாம், ஆனால் தேர்தல் நடந்தாக வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், அங்கே தணிக்கை செய்த கணக்கு வைக்கப்பட வேண்டும். நடக்கவில்லை என்றால் முதலில் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். வாட்ஸ்அப் சண்டை சாட்சிக்கு உதவாது. அதற்கும் அசையாவிட்டால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டு, 36-வது பிரிவின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம். 90 பேர் உள்ள கிளப்பில் 30 கையெழுத்து போதும். தேர்தலே செல்லாது என்பது வழக்கானால் அதைத் தீர்க்கிற இடம் சிவில் நீதிமன்றம்.

பந்தய முடிவில் தகராறு என்றால் வழியே வேறு. பதிவாளர் அதில் தலையிட மாட்டார். கார் பந்தயங்களுக்கான சர்வதேச விதிப்படி, முடிவுப் பட்டியல் ஒட்டிய 30 நிமிஷத்துக்குள் கட்டணத்தோடு எழுத்தில் புரொட்டெஸ்ட் கொடுக்க வேண்டும். ஸ்டீவர்டுகளின் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால், அது வெளியான ஒரு மணி நேரத்துக்குள் அப்பீல் செய்யப்போவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். டீக்கடையில் நின்று கொதித்துவிட்டு மறுநாள் போனால் கதவு மூடியிருக்கும். பைக் பந்தயத்துக்கு விதிப் புத்தகம் வேறு. அந்தப் போட்டியின் துணை விதிகளை ஓடுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

பலர் ஏமாறுகிற இடம் இன்டெம்னிட்டி பாரம். 'என்ன நடந்தாலும் கிளப் பொறுப்பல்ல' என்று அதில் நீங்கள் கையெழுத்திட்டிருக்கலாம். அதைக் காட்டி யாரும் குற்ற வழக்கிலிருந்து தப்பிக்க முடியாது. பதினெட்டு வயதாகாத பிள்ளை போடும் ஒப்பந்தக் கையெழுத்து சட்டத்தின் முன் செல்லவே செல்லாது. 2023 ஆகஸ்டில் சென்னைக்கு அருகே நடந்த பைக் பந்தயத்தில் 13 வயதுப் பையன் இறந்தான். அதற்கு யார் மேலும் இங்கே பழி போடவில்லை. ஆனால் பிள்ளையைப் பந்தயத்துக்கு அனுப்பும் பெற்றோர், பாரத்தில் கையெழுத்திடும் முன் இன்சூரன்ஸ் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். ஓட்டுநருக்கு எவ்வளவு, பார்வையாளருக்கு எவ்வளவு, மார்ஷலுக்கு உண்டா என்று அதில் பார்க்க வேண்டும். ஆம்புலன்ஸில் டாக்டர் இருக்கிறாரா, எந்த மருத்துவமனையோடு பேசி வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கிளப்பில் என்ட்ரி ஃபீஸ் கட்டாதீர்கள்.

அடுத்த பொதுக்குழுவுக்குப் போகும்போது கிளப்பின் துணைவிதி நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாளைக்கே செயலாளரிடம் எழுதிக் கேளுங்கள்.