நாலு மணிப் பெரட்டு

விடியற்காலை நான்கு மணி. போர்ட்டிக்சன் கடற்கரையை ஒட்டிய சி ரூசாவில், பால்மரம் சீவியே முதுமையெய்திய தாயொருவர் எழுந்து கதவைத் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்து விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு நேரமாயிற்றாம், வாளி எங்கே, கத்தி எங்கே என்று கேட்கிறார். அவர் பெரட்டுக்குப் போவதை நிறுத்தி ஆண்டுகள் பலவாயின. மறதிநோய் அண்மை நினைவுகளையே முதலில் அரிக்கும்; இளமையில் ஊறிய வேலைநேரம் நெடுநாள் தங்கும். மருமகளும் எழுகிறாள். இந்தக் கிழமையில் அவளுக்கு இது ஐந்தாம் இரவு.

மலேசிய நலத்துறையின் 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 8.5 பேரிடம் மறதிநோய்க்கான அறிகுறிகளைக் கண்டது. அவர்களுக்காகக் கண்விழிப்போரின் உடலில் என்ன நிகழ்கிறது? அமெரிக்க ஆய்வாளர் கீக்கோல்ட்-கிளேசர் குழுவினர் 1995-இல் ஓர் எளிய சோதனை செய்தனர். மறதிநோயுற்ற உறவினரைப் பேணும் 13 பெண்கள், அச்சுமையற்ற 13 பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு புண் உண்டாக்கினர். சுமையற்றோர்க்கு அது 39.3 நாளில் ஆறியது, பேணுவோர்க்கு 48.7 நாளாயிற்று. புண்ணாற்றும் வேலையைத் தொடக்கிவைக்கும் இன்டர்லூக்கின் என்னும் புரதத்தை ஆக்குமாறு வெள்ளணுக்களுக்குள் எழும் செய்தி, அவர்களிடம் குறைந்தே இருந்தது. மனச்சுமை என்பது வெறும் சொல்லன்று. ஒன்பது நாள் தாமதமாக மூடும் தோல் அது.

இச்சுமைக்குக் கைப்பேசி வழியாகவும் இணைய வழியாகவும் துணைதேடும் முயற்சிகளுள் பெயர்பெற்றது உலக நலவாழ்வு அமைப்பின் ஐசப்போர்ட். ஐந்து பிரிவுகள், 23 பாடங்கள். நோயாளி சொல்வதை மறுத்துரையாதே, உன் ஓய்வையும் ஒரு கடமையாகக் கொள் என்ற போக்கில் அமைந்தவை. பெங்களூர் நிம்கான்சு மருத்துவமனையினர் இதனை இந்தியக் குடும்பங்களிடையே ஆய்ந்தபோது, சேர்ந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் இடையிலேயே நின்றுவிட்டனர். நிலைத்தவர்களிடமும் உளச்சோர்வு குறையவில்லை. நோயாளியை நோக்கும் கனிவு மட்டும் கூடிற்று. அக்கனிவைச் சிறு பயனென்று நான் தள்ளமாட்டேன். ஆயினும் பேணுவோரின் சோர்வுக்கென்று வந்த மருந்து, சோர்வைத் தொடவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

குறை முதல் வினாவிலேயே தொடங்குகிறதென்பது என் கருத்து. ‘நீங்கள் பராமரிப்பாளரா?’ என்று செயலி கேட்டால் அம்மருமகள் இல்லையென்றே சொல்வாள். அவளுக்கு அது ‘அத்தையைப் பாத்துக்கிறது’, அவ்வளவே. உளச்சோர்வு உண்டா என்றாலும் விளங்காது. ‘தலை கனமா இருக்கு, சோறு எறங்கல’ என்பாள். அச்சொற்களாலேயே வினவ வேண்டும். எழுத்தைவிடக் குரல் நன்று. இணைப்பு அறுந்தாலும் ஓட வேண்டும். பாடம் மூன்று நிமிடத்தைத் தாண்டலாகாது, ஏனெனில் அடுப்பில் உலை இருக்கிறது. சோர்வு முற்றினால் ஒரே தொடுகையில் மனிதக்குரல் கேட்கவும் வழி வேண்டும். நலத்துறை 2022-இல் தொடங்கிய 15555 என்னும் உளநல அழைப்பெண்ணைச் செயலியோடு இணைப்பது அரிய செயலன்று.

வாசலில் நின்ற அத்தையிடம் மருமகள் சொல்கிறாள்: “மழ தூறுது அத்த, இன்னிக்கு மரம் வெட்ட முடியாது.” மழையென்றால் பால் கிண்ணத்தில் நில்லாமல் வழிந்துபோகும் என்பதை அந்த முதியவர் மறக்கவில்லை. அவர் தலையசைத்துப் பாய்க்குத் திரும்புகிறார். மறுத்துரையாதே என்னும் பாடத்தை யாரும் அவளுக்குக் கற்பிக்கவில்லை. அவள் கண்ட அந்த விடை செயலியில் ஏறவும் வழியில்லை. பக்கத்து வீட்டில் இதே நான்கு மணிக்கு விழித்திருப்பவளுக்கும் தெரியாது.